14 டிரைக்கோடெர்மா ஐசோலேட், இரண்டு ஜெல், இரண்டு பதில்: எதை நம்புவது?

வேர்க்கடலை
செவ்வாய், இரவு 10.40

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து நிலக்கடலை வயல்களில் வேர்மண் எடுத்து, ரோஸ் பெங்கால் சேர்த்த தேர்வு ஊடகத்தில் பரப்பி, டிரைக்கோடெர்மா என்ற மண் பூஞ்சையில் 14 ஐசோலேட் (தனித்தனியாகப் பிரித்து வளர்த்த கல்ச்சர்) எடுத்து வைத்திருக்கிறேன். தட்டில் பார்த்தால் எல்லாம் பச்சை. சிலது வளையம் வளையமாகப் பச்சை, சிலது கலைந்த பச்சை. நான்கைந்து தட்டைத் திறந்தால் தேங்காய் வாசனை வருகிறது. மைக்ராஸ்கோப்பில் ஒரு வாரம் உட்கார்ந்ததில் கண் வலித்ததுதான் மிச்சம்.

புரதச் சாற்றை ஜெல்லில் மின்சாரம் விட்டு ஓட்டி, விழும் பட்டைகளை வைத்து எது எந்த வகை என்று பிரிக்கலாம் என்றார் வழிகாட்டி. முதலில் எஸ்டிஎஸ்-பேஜ் (எஸ்டிஎஸ் என்ற சோப்பு சேர்த்து ஓட்டுவது) ஓட்டினேன், 12 சதவீத ஜெல். புரதத்தைக் காட்டும் கூமாசி சாயம் ஏற்றினால் 14 லேனும் (ஐசோலேட்டுக்கு ஒரு வரிசை) ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. சரி என்று எஸ்ட்ரேஸ் நொதிக்கு நேட்டிவ் ஜெல் (சோப்பு சேர்க்காதது) ஓட்டினேன். அருமையாக வந்தது, லேனுக்கு லேன் வித்தியாசம். சந்தோஷத்தில் அடுத்த வாரம் மறுபடி ஓட்டினேன். முதல் ஜெல்லில் ஒன்றாக இருந்த 2-ம் 5-ம் இப்போது தனித்தனி. தனித்தனியாக இருந்த 4-ம் 9-ம் இப்போது ஒன்று.

"நல்லா வந்த ஜெல்லை வைத்து டெண்ட்ரோகிராம் (எது எதற்கு நெருக்கம் என்று காட்டும் கிளை மரம்) போட்டுவிடு" என்கிறார் வழிகாட்டி. நல்லா வந்த ஜெல் எது என்பதுதான் என் கேள்வி.

கடைசி_பெஞ்ச்
செவ்வாய், இரவு 10.55

பூஞ்சை இழையைப் பற்றிக் கேட்க இங்கே ஒரு இழை. நான் பாப்கார்னோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஜெல்லாடி
செவ்வாய், இரவு 11.20

அம்மா வேர்க்கடலை, ஜெல்லைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபிளாஸ்கைப் பற்றிச் சொல்லுங்கள். எத்தனையாவது நாள் அறுவடை? 14-க்கும் ஒரே நாளா? ஷேக்கரா, அசையாமல் வைத்ததா? லேனுக்கு இவ்வளவு மைக்ரோலிட்டர் என்று ஏற்றினீர்களா, இவ்வளவு மைக்ரோகிராம் புரதம் என்று ஏற்றினீர்களா? அரைக்கும்போது புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) தடுப்பான் ஏதாவது போட்டீர்களா? இரண்டாம் ஜெல்லுக்கு அதே சாறா, புதிதாக அரைத்ததா?

சந்தேகசிகாமணி
புதன், காலை 7.05

இந்தக் காலத்தில் எதற்கு இதெல்லாம்? டிஎன்ஏ எடுத்து சீக்வென்சிங்குக்கு அனுப்பினால் ஒரு வாரத்தில் பெயரே வந்துவிடும். பட்டை எண்ணுவது எங்கள் பேராசிரியர்கள் மாணவர்களாக இருந்த காலத்து வேலை.

வேர்க்கடலை
புதன், காலை 9.30

ஜெல்லாடி சார், உங்கள் கேள்விகளைப் படிக்கும்போதே எங்கே சறுக்கினேன் என்று பாதி தெரிந்துவிட்டது.

உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் ஊடகம், அசையாமல் வைத்தேன். வேகமாக வளர்ந்த ஒன்பதை 4-ஆம் நாள் எடுத்தேன். மெதுவாக வந்த ஐந்தை 7-ஆம் நாள். அதற்குள் மேலே மிதந்த பாயில் பச்சை ஏறிவிட்டது. எல்லா லேனுக்கும் 30 மைக்ரோலிட்டர். புரத அளவு பார்க்கவில்லை. தடுப்பானாக பிஎம்எஸ்எஃப் போட்டேன், ஆனால் பஃபரோடு முன்பே கலந்து வைத்திருந்தேன், நாலைந்து நாள் இருக்கும். இரண்டாவது ஜெல்லுக்கு ஃப்ரீசரில் வைத்த அதே சாறுதான். நடுவில் ஒரு சனி ஞாயிறு மின்தடை.

ஜெல்லாடி
புதன், பிற்பகல் 2.15

ஒவ்வொன்றாக வருகிறேன். அவசரப்படாமல் படியுங்கள்.

உங்கள் எஸ்டிஎஸ் ஜெல் பொய் சொல்லவில்லை. அந்தச் சோப்பு ஒரு கிராம் புரதத்துக்கு ஏறக்குறைய 1.4 கிராம் வீதம் ஒட்டிக்கொண்டு, புரதத்தின் சொந்த மின்னூட்டத்தை மூடிவிடும். அப்புறம் எல்லாம் எதிர் மின்னூட்டத்தோடு, நீளத்தை மட்டும் வைத்து ஓடும். 1970-இல் லெம்லி செய்துகாட்டியதிலிருந்து எல்லாரும் ஓட்டுவது அதைத்தான். ஒரே பேரினத்துக்குள் இருக்கும் பூஞ்சைகளுக்கு முக்கியப் புரதங்களின் நீளம் பெரிதாக மாறாது. ஒரு அமினோ அமிலம் மாறியதால் மின்னூட்டம் மாறியிருந்தாலும் சோப்பு அதை மறைத்துவிடும். அதனால்தான் உங்களுக்கு 14 லேனும் உடன்பிறப்புகளாகத் தெரிகின்றன. பேரினத்துக்குப் பேரினம் பிரிக்க எஸ்டிஎஸ் போதும். ஒரே இனத்து ஐசோலேட்டுகளைப் பிரிக்க அதை நம்பிப் பயனில்லை.

நேட்டிவ் ஜெல்லில் சோப்பு இல்லை, கொதிக்கவைப்பது இல்லை. புரதம் மடங்கிய நிலையிலேயே, சொந்த மின்னூட்டத்தோடு ஓடும்; ஓடி முடித்த பிறகும் நொதி உயிரோடு இருக்கும். அதற்குப் பிடித்த தீனியைக் கொடுத்து, விளைபொருளைச் சாயத்தோடு கோத்தால் நொதி நின்ற இடம் மட்டும் நிறம் கொள்ளும். ஆல்ஃபா நாஃப்தைல் அசிட்டேட் தீனியும் ஃபாஸ்ட் புளூ ஆர்ஆர் சாயமும் போட்டு நீங்கள் பார்த்த அந்தக் கருப்புப் பழுப்புப் பட்டை அதுதான்.

ஜெல்லின் கதை எனக்குப் பிடித்த கதை. 1950-களில் டொராண்டோவில் ஆலிவர் ஸ்மிதீஸ் இன்சுலினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், தாளில் ஓட்டினால் ஒட்டிக்கொள்கிறது. சின்ன வயதில் அப்பாவின் சட்டைகளுக்கு அம்மா கஞ்சி போட்டதும், ஆறிய கஞ்சி கட்டியாக உறைந்ததும் நினைவுக்கு வந்தன. உருளைக்கிழங்கு மாவைக் காய்ச்சி ஊற்றி அதில் ஓட்டிப் பார்த்தார், 1955-இல் கட்டுரை வந்தது. நம் வீட்டில் வேட்டிக்குக் கஞ்சி போட்டவர்கள் எத்தனை பேர், ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். 1957-இல் ஹன்டரும் மார்க்கெர்ட்டும் அந்தக் கஞ்சி ஜெல்லில் எலித் திசுக்களின் எஸ்ட்ரேஸுக்குச் சாயம் ஏற்றிக் காட்டினார்கள். ஒரே வேலையைச் செய்யும் வெவ்வேறு வடிவ நொதிகளுக்கு ஐசோசைம் என்ற சொல் 1959-இல் வந்தது. பூஞ்சைக்காரர்கள் 1962-லேயே நியூரோஸ்போரா என்ற பூஞ்சையின் புரதங்களை ஓட்டிவிட்டார்கள்.

ஆக, எஸ்ட்ரேஸ் மூத்த பிள்ளை. மூத்த பிள்ளைக்குரிய எல்லாப் பிடிவாதமும் அதற்கு உண்டு. அது ஒரு நொதி அல்ல, பெரிய குடும்பம். பல மரபணுக்கள். ஊடகம் மாறினால் சிலது எழும், சிலது படுக்கும். இழையாக இருக்கும்போது ஒரு வேடம், வித்து கட்டத் தொடங்கினால் வேறு வேடம். 4-ஆம் நாள் வெள்ளை இழையையும் 7-ஆம் நாள் பச்சைப் பாயையும் பக்கத்துப் பக்கத்து லேனில் வைத்தால், ஒரே பூஞ்சையே இரண்டாகத் தெரியும். குழந்தைப் படத்தையும் கல்யாணப் படத்தையும் வைத்து இது வேறு ஆள் என்று சொல்வது போல.

இரண்டாவது ஜெல்லை மறந்துவிடுங்கள். டிரைக்கோடெர்மா புரோட்டியேஸ் உற்பத்தியில் கில்லாடி. அடுத்த பூஞ்சையின் சுவரைக் கரைத்துச் சாப்பிடும் தொழில் அதற்கு. மின்தடையில் உருகிய சாற்றில் அந்தப் புரோட்டியேஸ் உங்கள் எஸ்ட்ரேஸைக் கடித்து வைத்திருக்கும். கடிபட்ட துண்டு இன்னும் வேலை செய்தால் அது புதுப் பட்டை, நீங்கள் அதை வேறுபாடு என்று எண்ணுவீர்கள். பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் தங்காது. 25 டிகிரியில், பிஎச் 8 பஃபரில் அரைமணி சொச்சத்தில் பாதி போய்விடும். நாலு நாள் பழைய பஃபரில் அது பெயரளவுக்குத்தான் இருந்திருக்கும். அரைக்கும் நிமிடத்தில் சேருங்கள்.

பனையோலை
புதன், மாலை 6.50

நான் யாழ்ப்பாணம், இப்போது பெர்த்தில். எங்கள் பாடப்புத்தகத்தில் இது பங்கசு, நொதியம். உங்கள் பூஞ்சைக்கும் நொதிக்கும் பழக இவ்வளவு நாள் எடுத்தது.

பட்டை எண்ணுவது பழைய வேலை என்று சொன்ன நண்பருக்காக ஒன்று சொல்கிறேன். இங்கே மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை வயல்களில் திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாகி நிற்கும். மேலிருந்து பார்த்தால் வழுக்கை விழுந்த தலை மாதிரி. காரணம் ரைசோக்டோனியா என்ற பங்கசு. ஆனால் அந்த மண்ணில் ரைசோக்டோனியா பல வகை, அதில் பலது கோதுமையை ஒன்றும் செய்யாது. மைக்ராஸ்கோப்பில் எல்லாம் பழுப்பு இழை, செங்கோணக் கிளை. வித்தும் கிடையாது, எதை வைத்துப் பிரிப்பது? இழைகளை எதிரெதிரே வளரவிட்டு, கலக்கின்றனவா என்று ஒவ்வொரு சோடியாகப் பார்க்கவேண்டும். அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த அலுப்புத் தெரியும்.

1980-களில் இங்கே பெக்டின் சைமோகிராம் (நொதியம் வேலை செய்த இடத்தைக் காட்டும் ஜெல்) கொண்டுவந்தார்கள். இழையை அரைக்கவே தேவையில்லை. தாவரச் சுவரில் உள்ள பெக்டினைப் போட்ட ஊடகத்தில் வளர்த்தால் பங்கசு பெக்டினைக் கரைக்கும் நொதியங்களை வெளியே விடும். அந்தத் திரவத்தையே ஜெல்லில் ஏற்றலாம். ஜெல்லுக்குள்ளேயும் பெக்டின் கலந்திருக்கும். ஓட்டிவிட்டு மாலிக் அமிலத்தில் ஊறவைத்து, பிறகு ருத்தீனியம் ரெட் சாயம். சிவந்த ஜெல்லில் பாலிகலாக்டுரோனேஸ் நின்ற இடம் வெளிறிப்போய் இருக்கும், பெக்டின் எஸ்ட்ரேஸ் நின்ற இடம் அடர் சிவப்பு. ஒரே ஜெல்லில் இரண்டும். அப்படிக் கிடைத்த கோலங்களை இசட்ஜி1, இசட்ஜி2 என்று எண்ணிட்டார்கள். திட்டு நோய்க்குக் காரணமான ஏஜி-8 கூட்டம் (இழை கலக்கும் சோதனையில் ஒன்றாகச் சேர்ந்தவை) இசட்ஜி1 உடன் பொருந்தியது. பிறகு அதற்குள்ளேயே உட்பிரிவுகளும் தெரிந்தன.

அந்த நொதியங்கள் வேர்ச் சுவரைத் தாக்கும் ஆயுதங்கள். பங்கசு எதை வைத்து வேரைக் கரைக்கிறதோ, அதை வைத்தே ஆளை அடையாளம் கண்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் அழகாகத் தெரிகிறது.

இன்னொன்று, வேர்ப்பூஞ்சை, அதாவது ஆர்பஸ்குலர் மைக்கோரைசா. அது வேர் இல்லாமல் தட்டில் வளராது. 1986-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்துக்காரர்கள் லீக் (வெங்காய இனப் பயிர்) வேரையே அரைத்து, பூஞ்சை இல்லாத வேரில் வராத பட்டையைத் தேடி, வேருக்குள் எந்த இனம் இருக்கிறது என்று சொன்னார்கள். பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) பரவலாகாத காலம் அது.

சந்தேகசிகாமணி
புதன், இரவு 8.10

கதை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நீங்களே சொல்கிறீர்கள், பிசிஆர் பரவலாகாத காலம் என்று. 2012-இல் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியைப் பூஞ்சைகளின் அதிகாரப்பூர்வ பார்கோடாக அறிவித்துவிட்டார்கள். ஒரு பிசிஆர், ஒரு சீக்வென்ஸ், முடிந்தது. வேர்க்கடலைக்குத் தேவை பெயர்தானே?

டால்க்பொடி
புதன், இரவு 9.45

சிகாமணி, நான் உயிரியல் பூஞ்சாணக்கொல்லி தயாரிப்பில் இருக்கிறேன், பெயரால் அடிபட்டவன். டிரைக்கோடெர்மாவில் ஐடிஎஸ் கைவிடும். நெருங்கிய இனங்களில் ஐடிஎஸ் ஒன்றாகவே இருக்கும். டெஃப்1, ஆர்பிபி2 என்ற மரபணுக்களையும் பார்க்காமல் இனப் பெயர் சொல்லக்கூடாது. ஐடிஎஸ் மட்டும் பார்த்துவிட்டு பிளாஸ்ட் தேடலில் (தரவுத்தளத்தில் ஒத்த டிஎன்ஏவைத் தேடுவது) முதலில் வந்த பெயரை ஒட்டுகிறவர்களால்தான் பாதிக் குழப்பமே.

நம் ஊர்க் கதையைக் கேளுங்கள். விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடே, வயலுக்கு ஹெக்டேருக்கு இரண்டரை கிலோவை 50 கிலோ தொழுவுரத்தில் கலந்து போடு என்று வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. விவசாயிக்கு "விரிடி" என்றால் தெரியும், அவ்வளவு பரவிய பெயர். அந்த விரிடேக்கு 1794-இல் பூஞ்சையியலாளர் பெர்சூன் பெயர் வைத்தார். 1999-இல் சாமுவேல்ஸும் கூட்டாளிகளும், விரிடே என்று வைத்திருப்பது ஒன்றா இரண்டா என்று கேட்டு, வித்தின் மேற்பரப்பையும் டிஎன்ஏவையும் பார்த்து, ஆஸ்பெரெல்லம் என்று ஒன்றைத் தனியாக எடுத்தார்கள். அப்புறம் இந்தியாவில் விரிடே என்று வைத்திருந்த பல கல்ச்சர்களைச் சோதித்தால் ஆஸ்பெரெல்லமாக இருந்தது. பாக்கெட்டில் விரிடே, பொடிக்குள் ஆஸ்பெரெல்லம். வேலை செய்வதில் குறையில்லை, பெயர்தான் வேறு.

தினசரி எனக்குப் பெயர் தேவையே இல்லை. தாய்க் கல்ச்சரும் இன்றைக்கு ஃபெர்மென்டரிலிருந்து வந்ததும் ஒரே ஆளா என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பக்கத்துப் பக்கத்து லேனில் நாலு நொதி போதும். மாதம் ஒருமுறை ஓட்டுகிறேன்.

வேர்க்கடலை, ஒன்று கேட்கவேண்டும். மண் எடுத்த வயல்களில் யாராவது பாக்கெட் பொடி போட்டிருந்தார்களா?

வேர்க்கடலை
வியாழன், காலை 8.20

கேட்கவே இல்லையே அண்ணா! விவசாயிகளின் எண் இருக்கிறது, கேட்டுவிடுகிறேன்.

ஜெல்லாடி சார், புதிதாகத் தொடங்குகிறேன். எந்தெந்த நொதி? எங்கள் ஆய்வகத்தில் காசு குறைவு. பெராக்ஸிடேஸுக்கு பென்சிடின் பாட்டில் ஒன்று பழையது இருக்கிறது, போடலாமா?

ஜெல்லாடி
வியாழன், காலை 10.05

பென்சிடினைத் தொடாதீர்கள். புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியானது. பெராக்ஸிடேஸ் பார்த்தே ஆகவேண்டும் என்றால் குவாயகால் போதும். அக்ரிலமைடு உறையும் முன் நரம்புக்கு விஷம், கையுறை இல்லாமல் ஊற்றுகிற வீரம் வேண்டாம்.

நொதிகளில் இரண்டு சாதி. செல் உயிரோடு இருக்க எந்நேரமும் ஓடவேண்டிய வீட்டு வேலைக்காரர்கள்: மாலேட் டிஹைட்ரஜனேஸ், குளுக்கோஸ் பாஸ்பேட் ஐசோமரேஸ், ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ். இவை ஊடகத்துக்கும் வயதுக்கும் அவ்வளவாக அசையாது, மெதுவாகத்தான் மாறும். இனத்தைப் பிரிக்க இவைதான். எஸ்ட்ரேஸ், ஆசிட் பாஸ்படேஸ் எல்லாம் மனநிலைக்குத் தகுந்தபடி ஆடுகிறவை. இனத்துக்குள் ஐசோலேட்டைப் பிரிக்க உதவும், ஆனால் எல்லா நிபந்தனையும் ஒன்றாக இருந்தால் மட்டும்.

காசு குறைவு என்றால் மாலேட் டிஹைட்ரஜனேஸில் (சுருக்கமாக மாலேட்) தொடங்குங்கள். ஊறவைக்கத் தேவையானவை: தீனியாக மாலேட் உப்பு, என்ஏடி, நிறம் தரும் என்பிடி, பிஎம்எஸ். பிஎம்எஸ்ஸுக்கு வெளிச்சம் ஆகாது, ட்ரேயை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். வெளிறிய ஜெல்லில் ஊதா நீலப் பட்டை எழும். சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் இதற்குத் தலைகீழ்: ரைபோஃபிளேவினும் என்பிடியும் ஊறவைத்து வெளிச்சத்தில் காட்டினால் ஜெல் முழுக்க நீலமாகும், நொதி நின்ற இடம் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். முதல் தடவை பார்க்கும்போது யாருக்கும் கை தட்டத் தோன்றும். ஐசோமரேஸ் சாயத்துக்கு வேறொரு நொதியை விலைக்கு வாங்கி ஊற்றவேண்டும், செலவு. இளஞ்சூடான அகாரில் கலந்து ஜெல் மேல் மெல்லிசாக ஊற்றினால் அளவு குறையும்.

எல்லாம் ஷேக்கரில், 28 டிகிரி, 72 மணி நேரம், வித்து கட்டும் முன் எடுங்கள். மெதுவாக வளர்வது இழை குறைவாகக் கொடுத்தால் ஃபிளாஸ்க் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், நாளைக் கூட்டாதீர்கள். பிராட்ஃபோர்டு முறையில் புரதத்தை அளந்து லேனுக்கு ஒரே அளவு ஏற்றுங்கள். ஒவ்வொரு ஜெல்லிலும் ஒரே தெரிந்த கல்ச்சர் இரண்டு லேனில், ஒன்று ஓரத்தில், ஒன்று நடுவில். ஜெல் சிரித்தால், அதாவது ஓரங்கள் மேலே வளைந்தால், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். குறைந்தது இரண்டு தனி வளர்ப்பு. ஒரே சாற்றை இரண்டு முறை ஓட்டுவது மறுபரிசோதனை ஆகாது.

டெண்ட்ரோகிராமைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் பட்டையையும் 1, 0 என்று எண்ணிக் கணினியில் கொட்டினால் எஸ்ட்ரேஸ் ஒன்பது பட்டையோடு வரும், மாலேட் இரண்டோடு வரும். கூட்டம் சேர்த்தவன் ஜெயிப்பான்: மரம் முழுக்க எஸ்ட்ரேஸ் பேச்சாகவே இருக்கும், அதிலும் நம்பிக்கை குறைந்தவனின் பேச்சு. மாலேட், ஐசோமரேஸ் போன்றவற்றில் நொதிக்கு ஒரு வகை என்று குறியுங்கள்: இந்த இடத்தில் வேகமானது, இந்த இடத்தில் மெதுவானது என்று. எஸ்ட்ரேஸைத் தனி மரமாகப் போடுங்கள், ஜக்கார்டு குணகத்தில்; அது இரண்டு பேரிடமும் இல்லாத பட்டையை எண்ணாது. இரண்டு பேரிடமும் இல்லாத பட்டையை ஒற்றுமை என்று எண்ணினால், உங்களிடமும் என்னிடமும் யானை இல்லை, அதனால் நாம் சொந்தக்காரர்கள் என்பது போல் ஆகும்.

கடைசி_பெஞ்ச்
வியாழன், காலை 10.30

யானை உவமையை நாளைய செமினாரில் திருடப்போகிறேன். நன்றி சார்.

நுண்ணோக்கி
வியாழன், இரவு 9.15

மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து வந்திருக்கிறேன். புரதத்தை வைத்து அடையாளம் காண்பது செத்துப்போனதாகச் சொல்கிறவர்கள் எங்கள் அறைக்கு வந்து பார்க்கலாம். மால்டி-டாஃப் கருவியில் நாள் முழுக்க அதுதான் நடக்கிறது. 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறின் எடை அலகு) வரையிலான சிறு புரதங்கள், பெரும்பாலும் ரைபோசோம் புரதங்கள், லேசரில் கிளம்பிப் பறந்து வரும் நேரத்தை அளந்து கோலம் போடும். ஈஸ்ட் என்றால் சில நிமிடத்தில் பெயர்.

இழைப் பூஞ்சைக்கு அவ்வளவு சுலபமில்லை. சுவர் கெட்டி, ஃபார்மிக் அமிலமும் அசிட்டோநைட்ரைலும் போட்டு உடைக்கவேண்டும். நிறமேறிய வித்து கலந்தால் கோலம் மங்கும், அதனால் வித்து கட்டும் முன் திரவத்தில் வளர்த்து எடுக்கிறோம். ஜெல்லாடி சொன்ன அதே பாடம்தான். பெரிய தொல்லை வேறு: கருவியோடு வரும் தரவுத்தளம் நோயாளியிடமிருந்து வரும் பூஞ்சைகளுக்காகக் கட்டியது. மண்ணிலிருந்து எடுத்ததைப் போட்டால் பல நேரம் "அடையாளம் இல்லை" என்று கைவிரிக்கும். உங்கள் மண்ணுக்கு நீங்களே தரவுத்தளம் கட்டவேண்டும், அதற்கு முதலில் சீக்வென்ஸ் வேண்டும்.

சந்தேகசிகாமணி
வியாழன், இரவு 9.40

கடைசி வரியை மட்டும் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டப்போகிறேன்.

வேர்க்கடலை
ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

உயிரோடு இருக்கிறேன். முடிவுகளோடு வந்திருக்கிறேன்.

72 மணி நேரம், ஷேக்கர், லேனுக்கு 60 மைக்ரோகிராம். மாலேட், ஐசோமரேஸ், டிஸ்மியூட்டேஸ், எஸ்ட்ரேஸ். இரண்டு தனி வளர்ப்பு. முதல் மூன்று நொதிகளும் இரண்டு தடவையும் ஒரே பதில் சொல்லின. எஸ்ட்ரேஸ்கூட ஏறக்குறைய ஒத்துப்போனது, இரண்டு மங்கலான பட்டைகள் தவிர. அவற்றை எண்ணவில்லை.

14 ஐசோலேட்டும் ஐந்து கூட்டமாக விழுந்தன.
அ: 3, 8, 11
ஆ: 1, 2, 5, 7, 12
இ: 4, 9, 10, 14
ஈ: 13
உ: 6

டால்க்பொடி அண்ணா கேட்ட கேள்விக்குப் பதில்: 3, 8, 11 மூன்றும் ஒரே ஊர். மூன்று வயல்காரர்களும் மானாவாரிப் பட்டத்துக்கு முன் ஒரே கடையில் பொடி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஒருவரிடம் மீதி பாக்கெட் இருந்தது. அதிலிருந்து கல்ச்சர் எடுத்துப் பக்கத்து லேனில் ஓட்டினேன். நாலு நொதியிலும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. மண்ணின் மைந்தன் என்று நான் பெருமையாகக் குறித்து வைத்திருந்தது பாக்கெட்டின் மைந்தன்.

சிகாமணி அண்ணா சொன்னபடி கூட்டத்துக்கு ஒன்று சீக்வென்சிங்குக்கும் அனுப்பினேன், டெஃப்1. அ ஆஸ்பெரெல்லம் (பாக்கெட்டில் விரிடே என்றுதான் இருக்கிறது!). ஆ ஹார்சியானம் கூட்டம். இ லாஞ்சிபிராக்கியேட்டம். ஈ வைரன்ஸ், அதன் ஈரமான கரும்பச்சைத் தலையைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்கவேண்டும். உ மட்டும் சீக்வென்ஸ் சரியாக வரவில்லை, படிக்கமுடியாத இரைச்சல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழிகாட்டிக்கு 6 மேல்தான் ஆசை. மரத்தில் தனிக் கிளையாக நிற்கிறது, புது வகையாக இருக்கலாம் என்கிறார்.

டால்க்பொடி
ஞாயிறு, மாலை 6.10

அந்த மூன்று வயலிலும் பொடி போட்டு எவ்வளவு நாள் கழித்து மண் எடுத்தீர்கள்?

வேர்க்கடலை
ஞாயிறு, மாலை 6.25

ஒன்றில் இரண்டு மாதம், மற்ற இரண்டில் மூன்று மாதத்துக்கு மேல்.

டால்க்பொடி
ஞாயிறு, மாலை 6.32

மூன்று மாதம் நின்றிருக்கிறது. இதைத் தனியாக எழுதுங்கள் தங்கச்சி. எங்களுக்குப் பெயரைவிட இதுதான் சோறு.

சந்தேகசிகாமணி
ஞாயிறு, இரவு 7.00

நல்ல வேலை, மனமாரச் சொல்கிறேன். ஆனால் எழுதும்போது கவனம். பட்டை வேறாக இருந்தால் ஆள் வேறு என்று தைரியமாகச் சொல்லலாம். பட்டை ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்று என்று ஆகாது. இந்த நாலு நொதியால் பிரிக்கமுடியவில்லை என்றுதான் பொருள். அமினோ அமிலம் மாறியும் மின்னூட்டம் மாறாவிட்டால் ஜெல்லுக்குத் தெரியாது. பாக்கெட்டிலிருந்துதான் வந்தது என்று சொல்ல, பொடி போடாத வயலில் அந்தக் கோலம் இல்லை என்பதையும் காட்டுங்கள்.

வேர்க்கடலை
ஞாயிறு, இரவு 7.15

பொடி போடாத வயல்கள் ஒன்பது. ஒன்றிலும் அ இல்லை. சேர்த்துவிடுகிறேன்.

ஜெல்லாடி
ஞாயிறு, இரவு 10.50

எல்லாரும் அ-வைக் கொண்டாடுகிறீர்கள், எனக்கு 6 உறுத்துகிறது. அதன் மாலேட் லேனைச் சொல்லுங்கள். எத்தனை பட்டை, எங்கே?

வேர்க்கடலை
திங்கள், காலை 8.45

மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு: மெதுவானது எல்லாருக்கும் ஒரே இடத்தில், வேகமானதுதான் கூட்டத்துக்குக் கூட்டம் மாறுகிறது. 6-க்கு மட்டும் மூன்று. மெதுவானது ஒன்று, வேகமான பகுதியில் இரண்டு. இப்போது ஸ்கேல் வைத்து அளந்தேன். அந்த இரண்டில் ஒன்று ஆ-வின் இடத்தில், இன்னொன்று இ-யின் இடத்தில்.

ஜெல்லாடி
திங்கள், காலை 9.00

அந்த இரண்டுக்கும் நட்ட நடுவில் இன்னொரு பட்டை, நல்ல கறுப்பாக, இருக்கிறதா?

வேர்க்கடலை
திங்கள், காலை 9.10

இல்லை. சுத்தமாக வெறுமை. ஏன் சார்?

ஜெல்லாடி
திங்கள், காலை 9.35

மாலேட் டிஹைட்ரஜனேஸ் இரட்டையர் நொதி. இரண்டு துண்டு சேர்ந்தால்தான் ஒரு நொதி. ஒரே இழைக்குள், ஒரே செல் சாற்றுக்குள் இரண்டு விதத் துண்டு உருவாகியிருந்தால் மூன்று விதமாக ஜோடி சேரும்: இதோடு இது, அதோடு அது, இதோடு அது. கலப்பு ஜோடி நடுவில் நிற்கும், அதுதான் மூன்றிலும் அடர்த்தியாக இருக்கும். நடுப்பட்டை இல்லை என்றால் அந்த இரண்டு துண்டும் ஒரே இழைக்குள் சந்திக்கவே இல்லை. அரைக்கும்போதுதான் கலந்திருக்கின்றன. சீக்வென்ஸில் இரைச்சல் வந்ததும் அதனால்தான்.

6-ஐ ஒற்றை வித்திலிருந்து எடுத்தீர்களா, இழைத் துண்டிலிருந்தா?

வேர்க்கடலை
திங்கள், காலை 9.50

மற்ற எல்லாம் ஒற்றை வித்து. 6 மட்டும்... அன்றைக்கு ஊருக்குப் பஸ் பிடிக்கவேண்டி இருந்தது. தட்டின் ஓரத்து இழையை வெட்டி வைத்தேன்.

வேர்க்கடலை
வெள்ளி, இரவு 8.30

6-இன் வித்துகளைக் கரைத்துப் பரப்பி இருபது ஒற்றைக் காலனி எடுத்தேன். பதின்மூன்று ஒரு மாதிரி. ஏழின் தட்டைத் திருப்பினால் அடியில் பளிச்சென்று மஞ்சள், லாஞ்சிபிராக்கியேட்டத்தின் மஞ்சள். இரண்டையும் தனித்தனியாக மாலேட்டுக்கு ஓட்டினேன். ஒன்று ஆ, ஒன்று இ, பட்டைக்குப் பட்டை பொருந்துகிறது.

6.1, 6.2 என்று எழுதி ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று. ஐசோலேட் 14 இருந்தது 15 ஆகிவிட்டது, கூட்டம் ஐந்து இருந்தது நாலாகிவிட்டது. வழிகாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. புது வகைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருக்கிறார்.